ஃபனால் மூடுபனியில் நிற்கும் தில் மரம்: அடையாளம், தண்ணீர்க் கதை, நாற்று

கேள்விகள் மூன்று. அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதேரா தீவில் ஃபனால் என்ற இடத்துப் படங்களில் மூடுபனிக்குள் முறுக்கிக்கொண்டு நிற்கும் கிழட்டு மரங்கள் என்ன மரம்? காற்றிலிருந்து தண்ணீர் இறக்கும் மரம் என்று சொல்வது இதைத்தானா? விதை கிடைத்தால் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வளர்க்கலாமா?

சுருக்கமாகச் சொன்னால்: அது தில் மரம். தண்ணீர் மரமும் அதுதான், ஆனால் அந்தத் தண்ணீர் மரத்துடையது அல்ல. மலையில் வளர வாய்ப்பு உண்டு, ஆனாலும் வளர்க்க வேண்டாம் என்பேன். காரணங்களைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

முதலில் பெயர். போர்த்துகீசிலும் ஸ்பானியத்திலும் இதற்குத் தில் என்றே பெயர். இந்தியில் தில் என்றால் எள்; அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மதேராவுக்குத் தெற்கே ஸ்பெயினுக்குச் சொந்தமான கனாரித் தீவுகளில் தீலோ என்றும் சொல்வார்கள், குழப்பம் தொடங்குவது அங்கேதான். ஸ்பெயின் பெருநிலத்தில் தீலோ என்பது லிண்டன் மரம், வேறு குடும்பம். லா பால்மா தீவில் லோஸ் தீலோஸ், கிரான் கனாரியா தீவில் மோயா ஊருக்கருகே இன்னொரு லோஸ் தீலோஸ் என்று காடுகள் உண்டு. மொழிபெயர்ப்புச் செயலிகள் இவற்றை 'லிண்டன் தோப்பு' என்று காட்டும். அங்கே லிண்டன் இல்லை, தில்தான். இணையத்தில் 'தீலோ விதை' என்று வாங்கி ஏமாறுவதும் இந்த வழியில்தான்.

தாவரவியல் பெயரிலும் இரண்டு ஓடுகிறது. கியூ தோட்டத்தின் வில்லியம் ஐட்டன் 1789இல் இதை லாரஸ் ஃபீட்டன்ஸ் என்று விவரித்தார். பிறகு நெடுங்காலம் ஒகோட்டியா ஃபீட்டன்ஸ். அண்மையில் அந்தப் பேரினத்தைப் பிரித்தபோது மெஸ்பிலோடாஃப்னே ஃபீட்டன்ஸ் ஆனது. நாற்றுப் பண்ணைகளும் பூங்காப் பலகைகளும் இன்னும் ஒகோட்டியா என்றுதான் எழுதுகின்றன, அதனால் தேடும்போது இரண்டையும் போடுங்கள். எல்லாப் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஃபீட்டன்ஸ் என்ற சொல்லுக்கு 'நாறுவது' என்று பொருள். பச்சை மரத்தை வெட்டினால் எழும் வாடைக்காக வைத்தது. பூவைப் பற்றிய பெயர் அல்ல. பூ சிறியது, மஞ்சள் கலந்த பச்சை, மணம் உள்ளது.

குடும்பம் நமக்குப் புதிதல்ல. இலவங்கப்பட்டை, பிரியாணிக்குப் போடும் பிரிஞ்சி இலை, கற்பூர மரம், பட்டர் ஃப்ரூட் என்று நாம் வாங்கும் வெண்ணெய்ப்பழம், நாட்டுமருந்துக் கடை மைதா லகடி, எல்லாம் ஒரே லாரல் குடும்பம். இந்தக் குடும்பத்து மரங்கள் மேலோங்கி நிற்கும் காட்டை லாரிசில்வா என்பார்கள். பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் இதுபோன்ற காடு தெற்கு ஐரோப்பாவிலும் இருந்தது. தட்பவெப்பம் குளிர்ந்து வறண்டபோது அங்கே அழிந்தது, கடல் சூழ்ந்த தீவுகளில் தப்பியது. மதேராவின் சாவோ ஜோர்ஜே பகுதியில் இலைப் புதைபடிவங்கள் கொண்ட ஒரு படுகை உண்டு. புவியியலாளர் சார்லஸ் லயல் 1853–54இல் தீவுக்குப் போனபோது அதை ஆராய்ந்தார். மனிதன் கால் வைப்பதற்கு வெகு காலம் முன்பே இந்தத் தீவில் லாரல் காடு இருந்ததற்கு அந்தப் பாறை சாட்சி.

இன்று மதேராவில் சுமார் 15,000 ஹெக்டேர் லாரிசில்வா இருக்கிறது. 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கனாரித் தீவுகளில் லா கொமேராவின் கராஹோனாய் தேசியப் பூங்கா அதற்கும் முன்பே, 1986இல் சேர்ந்தது. கிரான் கனாரியாவில் ஒரு காலத்தில் பரந்து கிடந்த தோராமாஸ் காட்டில் இன்று துண்டு துண்டாகச் சிலதான் மிச்சம். மோயாவின் தில் தோப்பு அதில் ஒன்று.

தில் மரத்தின் எல்லாக் குணமும் மேகத்தில்தான் தொடங்குகிறது. வடகிழக்கிலிருந்து வரும் வியாபாரக் காற்று கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து மலையில் மோதி மேலே ஏறும். ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகும். அதற்கும் மேலே சூடான உலர்காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருப்பதால் மேகம் மேலெழ முடியாமல் ஏறத்தாழ 600 முதல் 1,500 மீட்டர் வரையான பட்டையில் மலைச்சரிவை அணைத்துக்கொண்டு கிடக்கும். கோடையில் கீழே கடற்கரை காய்ந்து கிடக்கும்போதும் இந்தப் பட்டைக்குள் நனைந்துகொண்டேதான் இருக்கும். இந்தப் பட்டையே லாரிசில்வாவின் வீடு. அதற்குள்ளும் தில் இடம் பார்த்து உட்காரும்: பள்ளத்தாக்கின் அடி, ஓடைக்கரை, பாறையில் கசிவு உள்ள மடிப்பு. முகட்டில் காற்றடிக்கும் மண் குறைந்த இடங்களை எரிகா என்ற ஊசியிலைப் புதர்மரங்களுக்கு விட்டுவிடும்.

தண்ணீர்க் கதைக்கு வருவோம். எல் ஹியேரோ, கனாரித் தீவுகளில் ஒரு சின்னத் தீவு. நுண்துளை நிறைந்த எரிமலைப் பாறை பெய்த மழையை அப்படியே உள்ளே இழுத்துவிடும், ஓடை கிடையாது. அங்கிருந்த பிம்பாச்சே மக்கள் கரோயே என்ற ஒரு மரத்தின் அடியில் குழி வெட்டி, இலையிலிருந்து சொட்டும் நீரைத் தேக்கிக் குடித்தார்கள். 1610இல் ஒரு புயலில் அந்த மரம் சாய்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அதே இடத்தில் ஒரு தில் கன்று நட்டார்கள். இப்போது போனால் பார்ப்பது அதைத்தான். தீவின் சின்னத்திலும் கரோயே இருக்கிறது.

இதைக் கேட்டவுடன் 'காற்றிலிருந்து நீரை உறிஞ்சும் மரம்' என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. மூடுபனி என்பது ஏற்கெனவே திரவமாகிவிட்ட நீர்தான், ஒவ்வொரு துளியும் தலைமுடியின் கனத்தில் பாதிகூட வராத அளவு சிறியது. சிறியதாக இருப்பதால் தானாகக் கீழே விழாது, காற்றோடு போகும். வழியில் இலை குறுக்கிட்டால் காற்று வளைந்து போகும், துளியால் அவ்வளவு சட்டென்று வளைய முடியாது, இலையில் மோதி ஒட்டும். ஒட்டிய துளிகள் சேர்ந்து பெரிதாகிச் சொட்டும். மரம் இங்கே வெறும் வலை.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கனமீட்டர் மூடுபனியில் 0.1 கிராம் நீர், காற்று நொடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுரமீட்டர் வழியாக நொடிக்கு அரை கிராம், மணிக்கு 1.8 லிட்டர் கடக்கிறது. காற்றை நோக்கிய மரத்தலை (கிளையும் இலையுமான பகுதி) 100 சதுரமீட்டர் இருந்து, கடப்பதில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்தால் மணிக்கு 18 லிட்டர். பத்து மணி நேர மூடுபனிக்கு 180 லிட்டர். காற்று நின்றால் எவ்வளவு அடர்ந்த பனியாக இருந்தாலும் சொட்டு நின்றுவிடும். காற்று இரட்டிப்பானால் சொட்டும் குறைந்தது இரட்டிப்பாகும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: துளியைப் பிடிப்பதில் தில் இலை ஒன்றும் வல்லவன் அல்ல. பொருள் எவ்வளவு ஒல்லியோ அவ்வளவு நன்றாகத் துளி மோதும். அகன்ற இலையைச் சுற்றிக் காற்று நிதானமாக வளைந்து துளியையும் கூட்டிக்கொண்டு போய்விடும். ஆகவே எரிகாவும் கனாரிப் பைன் மரமும் அதே அளவு இடத்தில் கூடுதலாகப் பிடிக்கும். கரோயேக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை அதன் உருவமும் நின்ற இடமும்: மேலே ஏறும் பள்ளத்தாக்கு குறுகி முடியும் புனல் வாயில், சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், தனி ஆளாய், காற்றின் முழு அடியும் வாங்கிக்கொண்டு. அதே தில் அடர்காட்டின் நடுவில் நின்றால் முன்வரிசை மரங்கள் முதலில் பிடித்துக்கொள்ளும், அதற்கு மிச்சம்தான் வரும். தண்ணீருக்காகத் தில் நடப்போகிறேன் என்பவர்களுக்கு இதனால்தான் சொல்வது: காற்றுக்கு எதிராக ஒரு பின்னல் வலையைக் கட்டுங்கள், அடுத்த மூடுபனியிலேயே பலன் தெரியும். மரத்துக்கு ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும்.

இனி அடையாளம். லாரிசில்வாவில் லாரல் குடும்பத்துப் பெரிய மரங்கள் நான்கு. தூரத்தில் நான்கும் பச்சைப்பசேல் என்று ஒன்றுபோலவே இருக்கும். இலையைத் திருப்பிப் பாருங்கள். தில் இலை கரும்பச்சை, மேலே பளபளப்பு, பெரும்பாலும் 9–12 செ.மீ. நீளம். அடிப்பக்கத்தில் நடு நரம்பு தொடங்கும் இடத்துக்கு அருகே, கீழ்ப் பக்க நரம்புகள் பிரியும் மூலையில், மயிர் அடர்ந்த இரண்டு குழிகள் இருக்கும். மேல்பக்கத்தில் அந்த இடம் சின்னப் புடைப்பாகத் தெரியும். விரலால் தடவினாலே பிடிபடும். இதுவே நம்பகமான அடையாளம்.

லோரோ என்னும் உள்ளூர் லாரலுக்கும் இலையடியில் குழிகள் உண்டு, ஆனால் அடியில் மட்டும் இல்லாமல் நடு நரம்பு நெடுக அங்கங்கே இருக்கும். கசக்கினால் சமையலறைப் பிரிஞ்சி வாசனை தூக்கும். மதேராவில் எஸ்பெத்தாதா என்ற மாட்டிறைச்சிச் சுடலுக்குக் கம்பியாகச் செருகுவது இதன் குச்சியைத்தான். தில் குச்சியைச் செருக யாரும் நினைக்கமாட்டார்கள். வின்யாத்திகோ எனப்படும் பெர்சியா இன்டிகா வெண்ணெய்ப்பழத்தின் நெருங்கிய சொந்தம். இலை பெரிது, வெளிர்பச்சை, குழி கிடையாது, முற்றிய இலை உதிருமுன் ஆரஞ்சும் சிவப்புமாக மாறும். மரத்தில் நாலு சிவப்பு இலை தொங்கினால் வின்யாத்திகோ என்று எட்டியிருந்தே சொல்லிவிடலாம். பெயரில் 'இன்டிகா' இருப்பதைப் பார்த்து இந்திய மரம் என்று எழுதுகிறார்கள், அது பழைய காலத்துப் பெயரிடல் பிழை. சொந்தக்காரன் என்று நம்பிப் பழத்தை வாயில் போட்டுவிடாதீர்கள், நச்சுப்பொருள் உள்ள மரம். நான்காவது பார்புசானோ: கொஞ்சம் சூடான, உலர்ந்த இடத்தில் நிற்கும், இலை ஓரம் சுருண்டிருக்கும், பூச்சிக்கொப்புளங்கள் அடிக்கடி தென்படும்.

காய் கிடைத்தால் சந்தேகமே வேண்டாம். தில் காய் 2–3 செ.மீ. நீளமுள்ள முட்டை. அதன் அடிப்பாதியை ஒரு மரக்கிண்ணம் கவ்விப் பிடித்திருக்கும், கிண்ணத்தின் விளிம்பு இரட்டை. பழுத்தால் கறுப்பு. மற்ற மூன்றில் எதற்கும் இப்படி ஆழமான கிண்ணம் இல்லை.

மரக்கட்டை பற்றிச் சுருக்கமாக: வெட்டியவுடன் குமட்டும் வாடை, காயக் காய வாடை குறையும், வைரம் நாளாவட்டத்தில் கறுத்துப்போகும். மேசை நாற்காலிக்கும் கட்டடத்துக்கும் பயன்பட்டது. தென்னாப்பிரிக்காவில் 'நாற்றமரம்' என்றே பெயர் வாங்கிய ஒகோட்டியா புல்லாட்டாவுக்கும் இதே கதைதான். 15ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் குடியேறியபோது தீவுக்கு மதேரா, அதாவது 'மரக்கட்டை', என்று பெயரிட்டதே காட்டைப் பார்த்துத்தான். அடுத்த நூறு ஆண்டுகளில் கரும்பாலைகளின் பாகுக் கொப்பரைகளுக்கு அடுப்பெரித்ததில் தெற்குச் சரிவுக் காடு போயிற்று. செங்குத்தான வடக்குச் சரிவு தப்பியது.

இப்போது ஃபனால். பாவுல் ட செர்ரா மேட்டுநிலத்தின் ஓரத்தில், 1,100 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. அங்குள்ள மரங்கள் குட்டையாய், பருத்து, கொம்பு கொம்பாய் முறுக்கி, உடம்பெல்லாம் பாசியும் பெரணியுமாய் நிற்கின்றன. தில் மரத்தின் இயல்பான வடிவம் இதுதான் என்று படம் பார்ப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இல்லை. பள்ளத்தாக்குக் காட்டில் அதே தில் நிமிர்ந்து 30 மீட்டருக்கு மேல் போகும். ஃபனாலில் அண்டை மரங்கள் இல்லை; வெளிச்சத்துக்குப் போட்டி இல்லாததால் உயரத் தேவையில்லை, பக்கவாட்டில் விரிகிறது. காற்று கிளையை ஒடிக்கிறது, ஒடிந்த இடம் உளுத்து நடு மரம் கூடாகிறது, அடியிலிருந்து புதுத்தளிர் கிளம்பிப் பழைய மரத்தைச் சுற்றி வளையமாக நிற்கிறது. இந்த அடித்தளிர்தான் தில்லின் உயிர்நாடி. தாய்த்தண்டு செத்தாலும் வேர்க்கட்டை சாவதில்லை. அதனால்தான் வயதும் சொல்ல முடிவதில்லை: நடுவில் வளையம் எண்ண மரமே இல்லை, இருக்கும் தண்டின் வயது வேரின் வயதும் அல்ல. '500 ஆண்டு' என்ற எண்ணைக் குத்துமதிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

படங்களில் யாரும் கண்டுகொள்ளாத இன்னொன்று, மரங்களுக்கு நடுவே குட்டையாக மேய்ந்த பசும்புல். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் புல்லில் ஒரு தில் கன்றையாவது தேடிப் பாருங்கள். மாடு மேய்ந்த நிலத்தில் முளைத்தது நிற்காது. நின்றாலும் மிதிபட்டு இறுகிய மண்ணில் வேர் இறங்காது. அங்கே நிற்பவை பேரன் பேத்தி இல்லாத கிழங்கள். படமெடுக்க மரத்தில் ஏறுவதும், வேர்மேல் நூற்றுக்கணக்கானோர் நடப்பதும் இதே சேதத்தைத்தான் கூட்டுகின்றன. போனால் கிளைக்கு வெளியே நின்றே எடுங்கள், படமும் அப்போதுதான் நன்றாக வரும்.

காட்டுக்குள் காய் போகும் வழி இரண்டு. ஒன்று புறா. மதேராவில் ட்ரோக்காஸ் புறா, கனாரியில் போலே புறாவும் வெள்ளைவால் லாரல் புறாவும் இந்தக் குடும்பத்துப் பழங்களை முழுசாக விழுங்குபவை. இந்த உறவு நமக்கும் தெரிந்ததே: நீலகிரி காட்டுப்புறாவும் சோலைக்காட்டு லாரல் பழங்களை நம்பித்தான் இருக்கிறது. இன்னொன்று எலி. கப்பலில் வந்த கருப்பு எலி விதைப்பருப்பையே கடித்துத் தின்றுவிடுகிறது. தில் காய் பெரிது, கனம், பெரும்பாலும் தாய்மரத்தடியிலேயே விழும், ஆகவே எலிக்குத் தேடும் வேலைகூட இல்லை.

நாற்று விட நினைப்பவர்களுக்கு இனி செய்முறை. இது அந்தத் தீவுகளிலோ, அதே குளிர்ந்த ஈரத் தட்பவெப்பம் உள்ள தாவரவியல் தோட்டங்களிலோ வேலை பார்ப்பவர்களுக்கு. பாதுகாக்கப்பட்ட காட்டில் அனுமதியின்றி ஒரு காயைக்கூடப் பொறுக்கக் கூடாது.

முதல் விதி: விதையைக் காயவிடாதே. தில் விதை நெல்போலக் காய வைத்துக் கோணிப்பையில் கட்டும் சாதி அல்ல. லாரல் குடும்பத்துப் பெரிய விதைகள் பலாக்கொட்டை, மாங்கொட்டை மாதிரி. ஈரம் போனால் உயிரும் போகும். உறையில் போட்டு மாதக்கணக்கில் கடையில் தொங்கிய தில் விதை முளைக்காததற்குக் காரணம் உங்கள் கைராசி அல்ல, விதை கடையிலேயே செத்துவிட்டது. முழுக்கக் கறுத்து விழுந்த பழத்தை எடுத்து, கிண்ணத்தைக் கழற்றி, ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு, சதையை முழுக்கத் தேய்த்துக் கழுவுங்கள். சதை மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும், எலியும் மோப்பம் பிடிக்கும். கழுவியதைத் தண்ணீரில் போட்டால் மிதப்பவை பதர், பூச்சி குடைந்தவை; எறிந்துவிடுங்கள். ஊசித்துளை உள்ளதையும் சேர்த்து எறியுங்கள். மிச்சத்தை ஓரிரு நாளில் ஊன்றிவிட வேண்டும். முடியாவிட்டால் ஈரத் தேங்காய்நார்த் தூளில் புரட்டி, துளையிட்ட பையில் குளிர்ந்த இடத்தில் சில வாரம் வைக்கலாம். உறையும் பெட்டியில் வைத்தால் கதை முடிந்தது.

கலவை: இலைமக்கு இரண்டு பங்கு, எரிமலைக் கற்பொடி அல்லது பெர்லைட் ஒரு பங்கு, தேங்காய்நார்த் தூள் ஒரு பங்கு. சுண்ணாம்பு வேண்டாம், சாம்பல் வேண்டாம். மரம் புளிப்பு மண்ணுக்குப் பழகியது. தொட்டி அகலத்தைவிட ஆழம் முக்கியம், குறைந்தது 20 செ.மீ. ஆணிவேர் முதலில் கீழே ஓடும். ஆழமில்லாத தட்டில் விட்டால் வேர் அடியில் சுருண்டு, நட்ட பிறகும் அந்தச் சுருள் அவிழாது, சில ஆண்டு கழித்துக் காற்றில் சாயும். ஒரு தொட்டிக்கு ஒரு விதை. படுக்கை வசமாக வைத்து, விதையின் கனம் அளவுக்கே மேலே மூடுங்கள். ஆழப் புதைத்தால் அழுகும். மேலே கம்பி வலை கட்டாயம், எலிக்காக.

15 முதல் 20 டிகிரி வெப்பம், பாதிக்கு மேல் மறைக்கும் நிழல்வலை, எப்போதும் ஈரம், ஒருபோதும் தேங்காத ஈரம். முளைப்பது சீராக இருக்காது. சில இரண்டே மாதத்தில் தலை நீட்டும், சில அரை ஆண்டு எடுக்கும். பாதி முளைத்ததும் மீதித் தொட்டிகளைக் கொட்டிவிடுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. சந்தேகமிருந்தால் விரலால் மெல்லத் தோண்டி விதையை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. இன்னொரு விஷயம், பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், தண்டு மட்டும் மேலே வரும். அவரை மாதிரி இரண்டு பருப்பும் தலையில் ஏறி வரும் என்று காத்திருந்து, வந்த முளையைக் களை என்று பிடுங்கியவர்களும் உண்டு. அந்தப் பருப்பில் இருக்கும் சாப்பாட்டை வைத்துத்தான் கன்று காட்டின் இருட்டில் நாள் தள்ளுகிறது, அதனால் கன்று மண்ணிலிருக்கும் விதையிலிருந்து பிய்ந்துவிடாமல் மாற்றி நட வேண்டும்.

போத்து வைத்து வளர்ப்பது சிரமம், நேரத்துக்கு ஈடில்லை. அடித்தளிரின் அடியில் மண் அணைத்து வேர்விடச் செய்து பிரிப்பது அதைவிட நல்லது.

கெடுவது எங்கே? முதலில் வேரழுகல். வெண்ணெய்ப்பழத் தோட்டங்களைக் காலி செய்யும் ஃபைட்டோஃப்தோரா சின்னமோமி என்ற நுண்ணுயிரிக்கு லாரல் குடும்பம் பிடித்த தீனி. நடுப்பகலில் வாடி, தண்ணீர் ஊற்றினாலும் நிமிராத கன்று, பிடுங்கினால் கறுத்துப்போன சன்னவேர்: அதுதான். 'ஓடைக்கரை மரம்தானே' என்று தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்குபவர்களுக்கு இது நிச்சயம் வரும். ஓடைக்கரையில் தண்ணீர் ஓடுகிறது, நிற்பதில்லை. அடுத்தது இலைநுனி கருகல்; உப்புத் தண்ணீர் அல்லது குளோரின் மிகுந்த குழாய்த் தண்ணீர். மழைநீருக்கு மாறினால் புது இலை சுத்தமாக வரும், கருகிய பழைய இலை பச்சையாகாது. நரம்பு பச்சையாக இருக்க நடுவில் மஞ்சள் பாய்ந்தால் சுண்ணாம்புத் தண்ணீர். இரும்புச்சத்தை அது கட்டிப்போடுகிறது. இளங்கன்று முழு வெயிலில் வெளுத்து எரியும். உலர்காற்றில் ஓரம் சுருளும்.

30–50 செ.மீ. வளர்ந்ததும் வெளியே நடலாம். வெட்டவெளியில் நடாதீர்கள். ஃபாயா, எரிகா போன்ற சீக்கிரம் வளரும் உள்ளூர் மரங்களை முன்னால் நட்டு, அவற்றின் நிழலில் தில்லைப் புகுத்துவதே காடு திரும்ப வளரும் இயல்பான வரிசை. கராஹோனாயில் 2012 ஆகஸ்ட் தீ பூங்காவின் ஐந்தில் ஒரு பங்குக்கு நெருங்கிய பரப்பைச் சுட்டபோது, லாரல் மரங்கள் பல அடிக்கட்டையிலிருந்து தளிர்த்தன. தளிர்ப்பது எளிது, பழைய காடாவதுதான் பல பத்தாண்டு வேலை. தீக்குப் பழகாத ஈரக்காடு அது.

கடைசியாக நம் மலைகள். சமவெளியில் பேச்சே இல்லை, சென்னை இரவு வெப்பத்தில் கன்று நிற்காது. ஊட்டி, கொடைக்கானலின் குளிர் ஏறத்தாழ ஒத்துவரும். பள்ளத்துப் புல்வெளிகளில் டிசம்பர், ஜனவரி உறைபனி மட்டும் இளங்கன்றைக் கருக்கும். ஒத்துவருகிறது என்பதுதான் பிரச்சினையே. நிழலில் முளைக்கும், வெட்டினால் தளிர்க்கும், பழத்தைப் புறா தின்னும் ஒரு வெளிநாட்டு மரத்தைச் சோலைக்காட்டு ஓரத்தில் நடுவது புத்திசாலித்தனம் அல்ல. சீகை மரமும் தைல மரமும் அங்கே என்ன செய்தன என்று கண்முன் கிடக்கிறது. சட்டமும் குறுக்கே நிற்கும்: 2003ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி, விதையோ கன்றோ இறக்குமதிக்கு அனுமதியும் நலச்சான்றும் வேண்டும். அஞ்சலுறையில் வரவழைப்பது குற்றம்.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு, இதை யாரும் பேசுவதில்லை. இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளைச் சேர்ந்த சைலிபோரஸ் கிளாப்ராட்டஸ் என்ற மரத்துளை வண்டு 2002இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிடிபட்டது. அது சுமந்து போன பூஞ்சை, லாரல் வாடல் நோயாகி அங்கத்திய காட்டு லாரல்களையும் வெண்ணெய்ப்பழ மரங்களையும் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. ஆசிய லாரல்கள் அந்த வண்டோடு பழகியவை, பெரும்பாலும் தாங்குகின்றன. தீவு லாரல்கள் பழகாதவை. வின்யாத்திகோ அந்த நோய்க்கு ஆளாகும் என்று சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆகவே நம் ஊர் லாரல் கட்டையையோ கன்றையோ 'நினைவுப் பரிசு' என்று அந்தத் தீவுகளுக்குத் தூக்கிக்கொண்டு போவதும் கூடாது.

மூடுபனியில் நிற்கும் லாரல் ஒன்று உங்கள் மலைநிலத்தில் வேண்டும் என்றால், சோலைக்காட்டிலேயே இருக்கின்றன: நீலகிரியின் காட்டுக் கறுவாவான சின்னமோமம் வைட்டியை, லிட்சியா வைட்டியானா, நியோலிட்சியா இனங்கள். சோலை மரங்களை வளர்க்கும் நாற்றங்கால்களில் கேட்டு வாங்குங்கள். மேலே சொன்ன விதை முறை அப்படியே பொருந்தும்: காயவிடாமல் கழுவி, ஆழத் தொட்டியில், நிழலில், எலிவலைக்கு அடியில். விதைகள் தில்லைவிடச் சிறியவை என்பதால் மேல்மூடலை ஒரு செ.மீ.க்குள் நிறுத்துங்கள், தொட்டி ஆழத்தைக் குறைக்க வேண்டாம்.